இழைக்குள் இருக்கும் வலை

நுழையும்முன்

மீனவரின் வாழ்வு வலையைப் பொறுத்தது. வலையின் வாழ்வு நூலைப் பொறுத்தது. நூலின் வாழ்வோ கண்ணுக்குப் புலப்படாத மூலக்கூற்றுச் சங்கிலிகளைப் பொறுத்தது. அச்சங்கிலிகள் ஏன் சுருள்கின்றன, எவ்வாறு பாய்கின்றன, எப்போது பாயாமல் நின்றுவிடுகின்றன? பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்று இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

ஏரியும் நூலும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரியின் பெரும்பரப்பு ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் பரந்து கிடக்கின்றன. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு, கடலுக்கும் ஏரிக்கும் இடையே இட்ட வரப்புப்போல் நீண்டிருக்கிறது. முகத்துவாரத்தின் வழியே புகும் கடல்நீரும் ஆரணியாறு முதலியவற்றின் நன்னீரும் கலக்கும் இவ்விடத்தில் இறாலும் நண்டும் மடவை மீனும் வளர்கின்றன. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும் காலங்களில் ஏரியின் வளமும் குன்றிவிடுகிறது.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் ஏரியின் மீன்வளத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளப் 'பாடு' என்னும் முறையை வகுத்துள்ளனர். இறால் மிகுந்த நீர்ப்பகுதிகளில் எவர் எந்நாளில் வலையிடுவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வது அம்முறை. கிடைத்த நாளில் வலை கிழிந்தால் அந்நாள் வீண். பாட்டு நாளை இழக்காதிருக்க வேண்டுமெனில் வலை உறுதியாக இருக்க வேண்டும். எனவே, நூலின் வலிமை இங்கே ஆய்வுக்கூடத்துச் செய்தி அன்று. வீட்டின் உலையோடு தொடர்புடையது.

அந்நூல் முற்காலத்தில் பருத்தியாகவும் சணலாகவும் இருந்தது. பருத்தி என்பது செல்லுலோஸ். செல்லுலோஸோ குளுக்கோஸ் அலகுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட சங்கிலி. இத்தகைய நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளையே வேதியியலார் பலபடிகள் அல்லது பாலிமர்கள் என்பர். டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை எழுப்பிக் காத்துநின்றதும் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிக்காகவே. அவர்கள் கப்பலில் ஏற்றியனுப்பியது ஒரு பலபடி என்பதை அன்று எவரும் அறியார்.

பருத்தி வலைக்கு ஒரு நற்பண்பு உண்டு. நனைந்தால் அதன் வலிமை சற்றுக் கூடும். ஆனால், நுண்ணுயிரிகள் செல்லுலோஸ் சங்கிலியை வெட்டி உண்ணக்கூடியவை. ஈரத்தோடு கிடக்கும் பருத்தி வலை விரைவில் இற்றுப்போகும். ஆகவே, வலையை அன்றாடம் கரைமணலில் விரித்து உலர்த்துவதும், பனிச்சங்காய்ச் சாற்றிலோ மரப்பட்டைச் சாயத்திலோ அவ்வப்போது தோய்த்தெடுப்பதும் தமிழகக் கடற்கரையின் வழக்கமாக இருந்தன. அச்சாற்றிலுள்ள துவர்ப்புப் பொருளான டானின், நூலின்மீது படிந்து இறுகி நுண்ணுயிரிகளைத் தடுக்கும். இந்த டானினைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

சங்கிலி என்னும் எண்ணம்

பல்லாயிரம் அணுக்கள் வேதிப்பிணைப்பால் கோக்கப்பட்டு ஒரே மூலக்கூறாக நிற்க முடியும் என்பதை 1920ஆம் ஆண்டில் செருமானிய வேதியியலார் ஹெர்மன் ஸ்டாடிங்கர் எடுத்துரைத்தபோது அறிஞர் பலர் ஏற்க மறுத்தனர். ரப்பரும் செல்லுலோஸும் சிறு மூலக்கூறுகள் கூடித் திரண்ட திரள்களே என்பது அக்காலக் கொள்கை. தம் கருத்தை நிலைநாட்ட அவர் நெடுங்காலம் வாதிட வேண்டியிருந்தது. நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது 1953இல். அப்போது அவருக்கு அகவை எழுபதைக் கடந்திருந்தது.

சங்கிலி உண்மையானால் அதைச் செய்துபார்க்கவும் முடிய வேண்டும் அல்லவா? அமெரிக்காவின் டியூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் அதைத்தான் செய்தார். 1935ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் நைலான் 6,6 உருவாயிற்று. 1938இல் செருமனியில் பவுல் ஷ்லாக் நைலான் 6ஐ ஆக்கினார். நைலான் உலகெங்கும் பரவியதைக் காணக் கரோதர்ஸ் இல்லை, 1937இலேயே மறைந்துவிட்டார்.

இந்தியக் கடற்கரைகளுக்கு நைலான் வலை வந்தபின் மீனவர் வாழ்வு மாறியது. நுண்ணுயிரிகளால் நைலானை எளிதில் உண்ண இயலாது. உலர்த்தும் வேலையும் சாயம் ஏற்றும் வேலையும் குறைந்தன. அதே வலிமைக்கு மெல்லிய நூலே போதும். மெல்லிய நூல் நீரில் மீனுக்குத் தெரிவதும் குறைவு. ஒற்றை நரம்பாக வரும் தங்கூசி நூலோ தெளிந்த நீரில் ஏறக்குறைய மறைந்தே போகிறது. இவ்வளவு நன்மைகளும் எங்கிருந்து வந்தன என்பதை அறியச் சங்கிலியின் இயல்பை அறிய வேண்டும்.

தாறுமாறின் விசை

கண்ணைக் கட்டிக்கொண்ட ஒருவர் அடிக்கு ஒரு திசையாக மனம்போன போக்கில் 10,000 அடிகள் எடுத்துவைக்கிறார் என்க. அவர் புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்பார்? சராசரியாகப் பார்த்தால் 10,000இன் வர்க்கமூலமாகிய 100 அடித் தொலைவில்தான். சங்கிலி மூலக்கூறும் அவ்வாறே. கணுக்கள் தடையின்றித் திரும்பக்கூடிய 10,000 கணுக்கள் கொண்ட சங்கிலி, நீட்டினால் 10,000 கணு நீளம் இருக்கும். விட்டுவிட்டால் அதன் இரு முனைகளும் ஏறத்தாழ 100 கணுத் தொலைவுக்குள் வந்துவிடும்.

ஏன் அப்படிச் சுருள்கிறது? எவரும் அதை உள்ளே இழுக்கவில்லை. சங்கிலியை முழுவதும் நேராக நீட்டிவைக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. சுருண்டு கிடக்கவோ எண்ணற்ற வழிகள் உள்ளன. வெப்பத்தால் ஓயாது அசையும் சங்கிலி, வழிகள் மிகுந்த நிலையிலேயே பெரும்பாலும் காணப்படும். ஒரு பொருளின் நுண்ணமைப்புகள் எத்தனை வகையில் அமையலாம் என்பதன் அளவையே வெப்ப இயக்கவியல் என்ட்ரோபி என்கிறது. சங்கிலியை நீட்டினால் என்ட்ரோபி குறையும்; விட்டால் அது மீண்டும் கூடும். நீட்டிய கையை எதிர்த்து இழுப்பது இந்த எண்ணிக்கைக் கணக்கே ஆகும். எஃகுச் சுருள்வில் நீளும்போது அணுக்களுக்கு இடையேயான பிணைப்புகள் விலகி ஆற்றல் சேமிக்கப்படுகிறது. ரப்பர் நீளும்போது பிணைப்புகள் பெரிதும் விலகுவதில்லை. சங்கிலிகளின் உரிமை குறுகுகிறது, அவ்வளவே. இரண்டும் மீள்கின்றன, காரணம் வேறு.

இவ்வேறுபாட்டை முதலில் உணர்ந்தவர் பார்வையற்றவரான ஜான் கஃப் என்னும் ஆங்கிலேயர். ரப்பர் பட்டையை உதட்டில் வைத்துக்கொண்டு சட்டென இழுத்தால் அது வெதுவெதுப்பாவதையும் தளர்த்தினால் குளிர்வதையும் அவர் 1805ஆம் ஆண்டில் எழுதிவைத்தார். எடை தொங்கும் ரப்பரைச் சூடேற்றினால் அது நீள்வதற்கு மாறாகச் சுருங்குகிறது என்பதும் அவர் கண்டதே. பிற்காலத்தில், 1859இல், ஜூல் இதனைத் துல்லியமாக அளந்து உறுதிசெய்தார். வெப்பம் கூடினால் சங்கிலிகளின் அசைவு கூடும். சுருள வேண்டும் என்னும் முனைப்பும் கூடும். தனி வெப்பநிலை அளவில் 300 கெல்வினிலிருந்து 330 கெல்வினுக்கு உயர்த்தினால், மாறாத நீளத்தில் நிறுத்திய ஒரு சீர்மை ரப்பரின் இழுவிசை பத்தில் ஒரு பங்கு கூடும் என்பது கணக்கு. மாணவர் எவரும் ஓர் அகன்ற ரப்பர் பட்டையும் தம் உதடும் கொண்டு கஃப் கண்டதை இன்றே சரிபார்க்கலாம். விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லாத அரிய ஆய்வுகளுள் இதுவும் ஒன்று.

இடியாப்ப உரலும் நைலான் இழையும்

சங்கிலிகள் திரண்டு கிடக்கும் உருகுநிலையில் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கிண்ணத்தில் பருப்பை ஊற்றினால் எளிதாகச் சரியும்; அதே கிண்ணத்தில் சேமியா இருந்தால் ஒரு கரண்டி எடுக்கும்போது பாதிக் கிண்ணமும் உடன் வருகிறது. சிறு மூலக்கூறுகளாலான நீர் முன்னதைப் போன்றது. பலபடி உருகல் பின்னதைப் போன்றது.

பின்னலில் சிக்கிய சங்கிலி பக்கவாட்டில் நகர இயலாது. தன் நீள்வாட்டிலேயே, புதருக்குள் ஊர்ந்து வெளியேறும் பாம்பைப்போல, நெளிந்து செல்ல வேண்டும். இந்த ஊர்தல் கருத்தை 1971ஆம் ஆண்டில் முன்வைத்தவர் பிரெஞ்சு இயற்பியலார் பியேர்-ஜில் து ஜென். 1991இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஊர்ந்து வெளியேற ஆகும் நேரம் சங்கிலி நீளத்தின் மும்மடிக்கு ஏற்பப் பெருகும் என்பது அவர் கணிப்பு. அளந்து பார்த்தால் பாகுநிலை இன்னும் சற்று வேகமாக, 3.4 மடி என்னும் வீதத்தில் உயர்கிறது. அதாவது, சங்கிலியின் நீளத்தை இருமடங்காக்கினால் உருகலின் பாகுநிலை பத்து மடங்குக்குமேல் ஏறிவிடும். நீளமான சங்கிலி வலிமையான நூலைத் தரும். ஆனால், ஆலையின் குழாயில் நகர மறுக்கும். நூலாலை ஒவ்வொன்றும் இவ்விரண்டுக்கும் இடையில் ஓர் உடன்பாடு கண்டாக வேண்டும்.

அந்த ஆலையில் நிகழ்வதை இடியாப்ப உரலைக் கொண்டு விளக்கலாம். உரலில் மாவை இட்டு அழுத்தினால் துளை வழியே இழைகள் இறங்குகின்றன. நைலானும் அவ்வாறே: நைலான் 6 ஏறத்தாழ 220 டிகிரி செல்சியசில் உருகும்; அதற்கும் மேலான வெப்பத்தில் அதனை நுண்துளைத் தட்டின் வழியே அழுத்தி இறக்குவர். துளைக்குள் விரைந்து பாயும்போது சங்கிலிகள் பாயும் திசைக்கு ஓரளவு நேராகிப் பின்னல் தளர்கிறது, பாகுநிலை குறைகிறது. வேகம் கூடக்கூட எதிர்ப்பு அதே வீதத்தில் கூடாத இந்த இயல்பு பலபடிகளின் தனி அடையாளம். துளையைவிட்டு வெளிவந்ததும் இழை துளையினும் சற்றுப் பருத்துவிடுகிறது. உள்ளே நீட்டப்பட்ட சங்கிலிகள் வெளியே வந்ததும் சுருண்டுகொள்வதே அதற்குக் காரணம். என்ட்ரோபி ஆலைக்குள்ளும் தன் வேலையைச் செய்கிறது.

இந்நிலையில் நூல் வலுவற்றது. 1930இல் கரோதர்ஸ் குழுவின் ஜூலியன் ஹில், தாம் ஆக்கிய பாலியெஸ்டர் இழையைக் குளிர்ந்தபின் இழுத்துப் பார்த்தபோது அது அறுபடாமல் பல மடங்கு நீண்டு, பளபளப்பும் உறுதியும் பெறக் கண்டார். இன்று நைலான் நூலையும் நான்கைந்து மடங்கு நீளத்திற்கு இழுத்தே ஆக்குகின்றனர். சுருண்டிருந்த சங்கிலிகள் நூலின் அச்சுக்கு இணையாகப் படுத்து, அருகருகே நெருங்கி, ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிப் படிகங்களாக அமைகின்றன. வலையில் சிக்கிய மீனின் துடிப்பைத் தாங்குவது அப்படிகங்களின் பிடிமானமே.

எனினும், நூலெங்கும் படிகம் இல்லை. படிகங்களுக்கு இடையே ஒழுங்கற்ற பகுதிகள் உண்டு. அங்குள்ள சங்கிலிகள் இழுத்து நிறுத்தப்பட்டவை. மீண்டும் சுருள வாய்ப்புக்குக் காத்திருப்பவை. நைலான் நூலைக் கொதிநீரில் இட்டால் அவற்றுக்கு அவ்வாய்ப்புக் கிடைக்கிறது, நூல் சுருங்குகிறது. வலை ஆலைகள் இச்சுருக்கத்தைப் பயனுள்ளதாக மாற்றிக்கொண்டன. நைலான் வழுவழுப்பானது, பருத்தியில் போட்ட முடிச்சு நிற்பதுபோல் அதில் நிற்பதில்லை. ஆகவே, பின்னிய வலையை இழுத்துப் பிடித்து நீராவியாலோ வெந்நீராலோ சூடேற்றுவர். சங்கிலிகள் புதிய வளைவுக்கேற்ப அமைந்து குளிர்ந்தபின் முடிச்சு நழுவாது. கண்ணியின் அளவும் மாறாது.

நீரும் நேரமும்

வலை நீரில் வாழ்வது. நைலானோ நீரை விரும்புவது. முழுதும் நனைந்த நைலான் 6 தன் எடையில் ஏறத்தாழ 9 விழுக்காடு வரை நீரை உறிஞ்சும். உட்புகுந்த நீர் மூலக்கூறுகள் ஒழுங்கற்ற பகுதிகளில் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையேயான ஹைட்ரஜன் பிணைப்புகளில் தாம் புகுந்துகொள்கின்றன. உலர்ந்த நைலானில் அப்பகுதிகள் 50 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பநிலை வரை கண்ணாடிபோல் விறைத்திருக்கும். நனைந்ததும் அந்த எல்லை அறை வெப்பநிலைக்குக் கீழே இறங்கிவிடும். நூல் மென்மையாகிறது, நன்கு நீள்கிறது, வலிமையில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காட்டை இழக்கிறது. பருத்தி நனைந்தால் வலுக்கும், நைலான் நனைந்தால் தளரும் என்பது வியப்பான முரண். ஆயினும், இழப்பை ஈடுசெய்யும் ஒன்று உண்டு: நீளும் நூல் அதிர்ச்சியைத் தாங்கும். பெரிய மீன் மோதும்போது விறைப்பான நூல் அறும். நனைந்த நைலான் நீண்டு கொடுத்து மீளும்.

மீளும் என்றோம், முழுவதும் மீளுமா? பளு தொங்கும் நைலான் கயிறு உடனே சற்று நீளும். பிறகு மணிக்கணக்கில், நாள்கணக்கில் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். பளுவை நீக்கினால் ஒரு பகுதி உடனே மீளும், ஒரு பகுதி மெதுவாக மீளும், எஞ்சியது மீளாது. முதல் பகுதி திண்மத்தின் இயல்பு. கடைசிப் பகுதி பாய்மத்தின் இயல்பு. இரண்டும் ஒரே பொருளில் கூடியிருக்கும் இப்பண்பைப் பாகுமீட்சி என்பர்.

ஒரு பொருள் திண்மமா, பாய்மமா என்னும் வினாவே முழுமையற்றது என்று கருதினார் மார்க்கஸ் ரெய்னர் என்னும் அறிஞர். எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது அவர் கருத்து. பொருள் தன்னைத் தளர்த்திக்கொள்ள எடுக்கும் நேரத்தை நாம் நோக்கும் நேரத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு 1964இல் 'டெபோரா எண்' எனப் பெயரிட்டார். விவிலியத்தில் வரும் பெண் தீர்க்கர் ஒருவரின் பெயர் அது. அவ்வெண் பெரிதாயின் பொருள் திண்மமாக நடந்துகொள்ளும், சிறிதாயின் பாயும். ஒரு நொடி துடிக்கும் மீனுக்கு நைலான் நூல் திண்மம். ஒரு பருவம் முழுதும் பளு தாங்கும் வடத்திற்கு அது ஓரளவு பாய்மம்.

இங்கு ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. கண்ணியின் அளவு சிறுத்தால் மீன்குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் அகப்பட்டு அடுத்த ஆண்டின் விளைச்சல் குறையும். கண்ணியை அளப்பவர் நனைந்த வலையை இழுத்துப் பிடித்து அளக்கிறாரா, உலர்ந்த வலையைத் தளர்வாக அளக்கிறாரா என்பதைப் பொறுத்து அளவு மாறும். அளவீட்டு விதிகளில் வலையின் நிலையையும் இழுவிசையையும் குறிப்பிட வேண்டியிருப்பது இதனால்தான். பாகுமீட்சியை மறந்து எழுதிய விதி, கரையில் சண்டைக்கே வழிவகுக்கும்.

சங்கிலி வலையாகும்போது

இதுவரை கண்டவை தனித்தனிச் சங்கிலிகள். சங்கிலிகளுக்குக் குறுக்கே பிணைப்புகள் இட்டால் என்னாகும்? அப்போது பொருள் முழுவதும் ஒரே மூலக்கூறு ஆகிவிடும். மீனவர் வலையைப் போன்ற ஒரு வலை, அணுக்களின் அளவில், நூலுக்குள்ளேயே உருவாகிவிடும். பச்சை ரப்பர் வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும். 1839இல் சார்லஸ் குட்இயர் அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றியபோது இளகாத, மீளும் ரப்பர் கிடைத்தது. கந்தகம் சங்கிலிகளுக்கிடையே முடிச்சுப் போட்டுவிட்டது. முடிச்சிட்ட சங்கிலி நீளும், சுருளும். ஆனால், ஊர்ந்து தப்ப இயலாது. பாய்வு நின்றுவிடுகிறது, மீட்சி மட்டும் எஞ்சுகிறது.

பனிச்சங்காயின் டானினும் இத்தகைய முடிச்சுப் போடும் பொருளே. அதன் திறமையைப் பருத்தியைவிடத் தோலில் தெளிவாகக் காணலாம். தோலின் அடிப்படைப் புரதம் கொலாஜன். அது மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய முறுக்கு வடம் என்பதை 1954ஆம் ஆண்டில் உலகுக்கு எடுத்துரைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். சென்னை அடையாற்றில் 1948இல் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அவர்கள் கூடத்திற்குக் கூப்பிடு தொலைவில்தான் உள்ளது. பதனிடாத மாட்டுத்தோலை நீரில் சூடேற்றினால் 60 டிகிரி செல்சியசைக் கடந்த அளவில் அது சட்டெனச் சுருங்கிவிடும். முறுக்கு அவிழ்ந்து, சங்கிலிகள் தாறுமாறாகச் சுருள்வதே அச்சுருக்கம். மரப்பட்டையால் பதனிட்ட தோல் 75 முதல் 85 டிகிரி வரை தாங்கும். குரோமியத்தால் பதனிட்டது கொதிநீரையே தாங்கும். முடிச்சுகள் மிகுந்தால் அவிழ்வதற்கு வேண்டிய வெப்பம் உயர்கிறது.

மீன்தோலிலும் இதே கொலாஜன் உண்டு. ஆனால், மாட்டினுடையதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே அவிழ்ந்துவிடும். குளிர்க்கடல் மீனின் கொலாஜன் வெப்பக்கடல் மீனின் கொலாஜனைவிட இன்னும் எளிதில் அவிழும். உயிர்கள் தாம் வாழும் நீரின் வெப்பத்திற்கேற்பத் தம் வடங்களை முறுக்கிக்கொண்டுள்ளன போலும். குழம்பில் கொதிக்கும் மீனின் தோலும் முள்ளும் கரைத்துவிடுவது இந்தக் கொலாஜனைத்தான். அக்குழம்பைக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் கூழ்போல் உறைந்திருக்கும். அடுப்பில் ஏற்றினால் மீண்டும் நீர்க்கும். அவிழ்ந்த சங்கிலிகள் குளிரில் ஆங்காங்கே மீண்டும் முறுக்கிக்கொண்டு வலையாகி, நீரைச் சிறைப்பிடிக்கின்றன. அம்முடிச்சுகள் வலுவற்ற ஹைட்ரஜன் பிணைப்புகளாலானவை. வெப்பம் அவற்றை அவிழ்த்துவிடும். நூறு பங்கில் சில பங்கே சங்கிலி, எஞ்சியதெல்லாம் நீர் என்றாலும் கூழ் நிமிர்ந்து நிற்கிறது.

அவிழாத முடிச்சுக்கு எடுத்துக்காட்டு கரையிலேயே கிடக்கிறது. கட்டுமரமும் மரப்படகும் இருந்த இடத்திற்கு இன்று வந்திருப்பது ஃபைபர் படகு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின் தமிழகக் கடற்கரை நெடுகிலும் துயர்துடைப்பு உதவியாக வழங்கப்பட்ட படகுகள் பலவும் இவ்வகையினவே. கண்ணாடி இழைப் பாயின்மீது பாலியெஸ்டர் பிசினைப் பூசிப் பூசி இப்படகை ஆக்குகின்றனர். பிசின் முதலில் எண்ணெய்போல் பாயும். வினையூக்கியைக் கலந்தபின் சங்கிலிகளுக்கு இடையே ஸ்டைரின் முடிச்சிடத் தொடங்கும். பாகுநிலை மெல்ல ஏறி, ஒரு கட்டத்தில் எல்லையின்றி உயர்ந்துவிடும். அக்கணமே படகின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொடர்ச்சியான வலை உருவாகும் கணம். இவ்வினை வெப்பத்தை வெளிவிடுவது. வெப்பம் வினையை மேலும் விரைவுபடுத்துவது. கோடை வெயிலில் ஒரு வாளி நிறையக் கலந்துவைத்தால் பூசும் முன்பே வாளிக்குள் இறுகிப் புகையும். ஆகவே, படகு கட்டுவோர் சிறிது சிறிதாகவே கலக்கின்றனர்.

பழைய வலை, பழைய படகு

நைலானின் பெருமையே அதன் குறையும் ஆயிற்று. இற்றுப்போகாத நூல், அறுந்து நீருக்குள் தங்கிவிட்டாலும் இற்றுப்போகாது. உரிமையாளர் இல்லாத அவ்வலை, இழுத்தெடுக்க எவரும் இல்லாமலேயே மீனையும் நண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சங்கிலியை வெட்டும். எனினும், சேற்றுக்குள் புதைந்த வலைக்கு அக்கதிர்கள் எட்டுவதில்லை. பருத்தி வலைக்காலத்தில் ஏரி தானே தீர்த்துக்கொண்ட கணக்கு இது.

பழைய படகை உருக்க முடியாது. அதன் வலை அவிழாதது. சூடேற்றினால் கருகுமேயன்றி இளகாது. சூடேற்றும்போது முடிச்சுகள் அறுபடாமல் இடம் மாற்றிக்கொள்ளும் புதுவகை வலையை 2011இல் லுட்விக் லைப்லர் குழுவினர் பாரிசில் உருவாக்கினர். அது வலையாக இருந்துகொண்டே பாயும். 'விட்ரிமர்' என்பது அதன் பெயர். ஆனால், கரையில் இப்போது கிடப்பவை பழைய பிசினாலான படகுகள்.

வலையின் நிலை அத்துணை மோசமன்று. நைலான் தனித்தனிச் சங்கிலி ஆதலால் உருக்கலாம். நைலான் 6ஐ வினையூக்கியோடு சூடேற்றி, அது பிறந்த கேப்ரோலாக்டம் என்னும் மூலப்பொருளாகவே திருப்பியும் விடலாம். தடை வேறிடத்தில் உள்ளது. மீன்வலை வெறும் நைலான் அன்று. அதன் மேற்கயிறும் வடமும் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன், அடியில் ஈயக் குண்டுகள், மேலே தக்கைகள். எல்லாவற்றையும் ஒன்றாக உருக்கினால் என்ன?

சிவப்பு மணிகள் ஆயிரம், நீல மணிகள் ஆயிரம் எடுத்து ஒரு பெட்டியில் இட்டுக் குலுக்கினால் அவை கலந்துவிடும். கலந்து கிடக்கும் வழிகள் அத்தனை மிகுதி. ஆயிரம் சிவப்பு மணிகளை ஒரே நூலிலும் ஆயிரம் நீல மணிகளை மற்றொரு நூலிலும் கோத்துவிட்டுக் குலுக்கினால் வழிகளின் எண்ணிக்கை பெரிதும் சுருங்கிவிடும். கலப்பதால் கிடைக்கும் என்ட்ரோபி ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். சிறு மூலக்கூறுகள் ஒன்றையொன்று சற்று வெறுத்தாலும் என்ட்ரோபி அவற்றைக் கலக்கவைக்கும். நெடுஞ்சங்கிலிகளுக்கு அந்த உதவி இல்லை. இக்கணக்கை 1941, 1942ஆம் ஆண்டுகளில் பவுல் ஃபுளோரியும் மாரிஸ் ஹக்கின்சும் தனித்தனியே செய்துமுடித்தனர். ஃபுளோரிக்கு 1974இல் நோபல் பரிசு கிடைத்தது. நைலானும் பாலிஎத்திலீனும் உருகிய நிலையிலும் எண்ணெயும் நீரும்போல் பிரிந்தே நிற்கும். இறுகியபின் அவ்விரண்டின் எல்லைகளில் பிளவுபடும். அப்பொருளில் நூலும் வராது, வடமும் வராது.

ஆகவே, பழைய வலையை எவரேனும் பிரித்தாக வேண்டும். வடத்தை அறுத்து, ஈயத்தைக் கழற்றி, சிக்கிய சிப்பியையும் சேற்றையும் உதறி, நைலானை மட்டும் தனியே சேர்க்க வேண்டும். பழைய வலைக்கு விலை சொல்பவர் இவ்வேலைக்கான கூலியையும் சேர்த்துக் கணக்கிட்டாலன்றி அது கரைக்கு வந்து சேராது. பிரிப்பவருக்கு இயற்கை ஓர் எளிய துணையைத் தந்திருக்கிறது. நைலானின் அடர்த்தி 1.14, பாலிஎத்திலீனின் அடர்த்தி ஏறத்தாழ 0.95, பாலிபுரோப்பிலீனுக்கு 0.91. ஐயமான துண்டொன்றை அறுத்துக் குமிழிகள் போக நன்கு நனைத்து ஒரு வாளி நீரில் இட்டால், வலைத்துண்டு அடியில் அமரும். வடத்துண்டு மேலே மிதக்கும்.